நான் பாக்கலையே

அந்த அக்காவிடம் நம்பிக்கை என்கிற சாமானே கிடையாது. வெளியே மழை பெய்கிறது என்று நீங்கள் சொட்டச் சொட்ட நனைந்து வந்து சொன்னாலும், உங்கள் தலையைப் பார்ப்பார், துப்பட்டாவைப் பார்ப்பார், எழுந்து வாசலுக்குப் போய்க் கையை நீட்டுவார். பிறகு வந்து உட்கார்ந்து, "ஆமா, பெய்யுது" என்பார். அதுவரை அது நீங்கள் சொன்ன கதை.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர். கடை கிடையாது. ஒரு பழைய மொபெட், அதன் முன்னால் துணிப்பை, பின்னால் கயிறு போட்டுக் கட்டிய மடக்கு ஸ்டூல். பைக்குள் ஸ்க்ரூ டிரைவர்கள், ஒரு டூத் பிரஷ், பென்சில் ரப்பர், நோட்டுப் புத்தகம், தண்ணீர் பாட்டில். அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். சுடிதாருக்கு மேல் ஆம்பிளைகள் போடுகிற முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு வருவார். வந்ததும் வணக்கம் கிணக்கம் எல்லாம் இல்லை. "ஸ்டூல எங்க போடட்டும்?" என்பதுதான் முதல் வார்த்தை.

எங்கள் வீட்டுக்கு நாலாவது ஆளாகத்தான் அவர் வந்தார். அதற்கு முன்னால் மூன்று பேர் வந்து போயிருந்தார்கள். முதல் ஆள் வைரஸ் என்று சொல்லி எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றிக் கொடுத்தான். என் அப்பாவின் பழைய போட்டோக்களும் அதோடு போயின. இரண்டாவது ஆள் ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்துவிட்டு, உப்புக் காத்து மேடம், கடலோரம் இந்த உப்பளம் ஏரியாவில் எல்லா வீட்டிலும் இதே கதைதான் என்றான். மூன்றாவது ஆள் கம்ப்யூட்டர் டப்பாவைக் கடைக்கே தூக்கிக்கொண்டு போய் உள்ளே பவர் சப்ளையை மாற்றினான். கடையில் அது இரண்டு நாள் ஒரு குறையும் இல்லாமல் பாட்டுப் பாடிக்கொண்டு ஓடியது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் பொட்டென்று நின்றது.

நிற்பது என்றால், லைட் எரிந்துகொண்டிருக்கும், ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும், கம்ப்யூட்டர் மட்டும் செத்துப்போய்த் திரும்பத் தானாகப் பிறக்கும். முதலிலிருந்து ஆரம்பிக்கும். லைட் எரிகிறதே என்பதால் கரண்ட்டின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வீட்டில் படித்தவள் நான்தான், இதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் என் பிழைப்பே தொங்கிக்கொண்டிருந்தது. நான் நர்சிங் படித்தவள். பிரான்சில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலைக்கு என் பெயரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பிரெஞ்சுப் பரீட்சை ஒன்று மட்டும் பாக்கி. அதை வீட்டில் இருந்தபடியே எழுத வேண்டும். போனில் திறக்காது, கம்ப்யூட்டர்தான் வேண்டும். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது, கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அதனால் பிரவுசிங் சென்டர் எல்லாம் உதவாது. நடுவில் அறுந்தால் அந்தத் தடவை போனது போனதுதான். மொத்தம் மூன்று தடவை. அதில் இரண்டு தடவை அறுந்து போயாகிவிட்டது. மூன்றாவதும் போனால் அந்த வேலை இல்லை, அவ்வளவுதான்.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அப்பா மில் வேலை போனபிறகு செக்யூரிட்டி வேலைக்குப் போய்க்கொண்டிருந்து, ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். அம்மா எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சோப்புக் கம்பெனியில் காலை ஷிஃப்ட். மூன்றரைக்கு வீடு வந்துவிடுவாள். என் பொண்ணு பிரான்சு போவப்போவுது என்று கம்பெனி வேனில் வருகிற எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். என்னிடம் போ என்றும் சொன்னதில்லை, போகாதே என்றும் சொன்னதில்லை. சாப்டியா என்பாள்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

முதல் நாள் வந்தவர் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடுவில் ஒரு கதவு உண்டு. அந்தக் கதவோரம், இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி ஸ்டூலை விரித்து உட்கார்ந்துகொண்டார். மெஷின் ஓடட்டும், நீங்க உங்க வேலையைப் பாருங்க, நான் இல்லேன்னு நெனச்சுக்குங்க என்றார். முழுக்கைச் சட்டை போட்ட ஒரு பொம்பளை வீட்டு நடுவில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும்போது இல்லையென்று எப்படி நினைப்பது? அம்மா காபி கலந்து கொண்டுவந்தாள். வேண்டாம் என்றுவிட்டார். காபி குடித்தால் விருந்தாளி ஆகிவிடுவாராம். விருந்தாளி முன்னால் யாரும் வழக்கம்போல இருக்க மாட்டார்களாம். எங்கள் நாற்காலியில் உட்காராமல் சொந்த ஸ்டூல் கொண்டுவருவதும் அதற்குத்தான்.

டப்பாவைக் கடைக்குக் கொண்டுபோகலாமே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "கொற உங்க வீட்ல இருக்குது. டப்பாவ எடுத்துட்டுப் போயி நான் என்னா பண்ண?" என்றார்.

இந்தப் புத்தி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று பிறகு சொன்னார். பதினோரு வருஷம் அவரும் மேட்டுப்பாளையத்தில்தான் வேலை பார்த்திருக்கிறார். பவர் சப்ளை டப்பா தயாரிக்கிற ஒரு சின்னக் கம்பெனி. அவருக்கு அங்கே வேலை, பார்ப்பது. செய்து முடித்த டப்பாக்களை மேசையில் வரிசையாக ஓட விட்டுவிடுவார்கள். இவர் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எட்டு மணி நேரம் பார்க்க வேண்டும். எது சாகிறதோ அதன் நம்பர், நேரம், அப்போது நடந்தது என்ன, மூன்றும் எழுத வேண்டும். பக்கத்தில் இருக்கிறவள் சொன்னாள் என்று எழுதினால் சூப்பர்வைசர் கிழித்துப் போட்டுவிடுவாராம். அந்தக் கம்பெனியை மூடியபோது இவர் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தது அந்த ஸ்டூலை மட்டும்தான்.

ஆள் பேச மாட்டார் என்று நினைத்திருந்தேன். காத்திருக்கும்போது பேசினார், கண்ணை மெஷினிலிருந்து எடுக்காமல். ஒரு சொல்தா வீட்டுக் கதை சொன்னார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற பெரியவர். அவர் கம்ப்யூட்டர் தினமும் மதியம் நின்றுவிடும். எத்தனையோ பேர் வந்து, எதையெதையோ மாற்றிப் பார்த்துவிட்டார்கள். அக்கா போய் ஸ்டூல் போட்டார். காலை முழுக்க ஓடியது. ஒரு மணிக்குப் பெரியவர் சாப்பிட்டார், வாயைக் கொப்பளித்தார், ஊர் வழக்கப்படி தூங்குவதற்காக ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். அப்புறம் கம்ப்யூட்டர் மேசைக்கு வந்தார். மேசை என்றால் கதவு வைத்த மர அலமாரி. ஓடிக்கொண்டிருந்த டப்பாவின் மேல் பேத்தி தைத்த பூப்போட்ட துணியைப் போர்த்தி, அலமாரியைச் சாத்தி, பூட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டார். மனுசனுக்கே மதியத்தில் ஓய்வு வேண்டியிருக்கிறது, அதுக்கு வேண்டாமா என்பது அவர் கணக்கு. உள்ளே அது வெந்து சாகிறது. இத்தனை பேர் வந்தார்களே, அவர்களிடம் ஏன் சொல்லவில்லை என்று அக்கா கேட்டதற்கு, யாரும் மதியத்தில் வரவில்லையே என்றாராம். ஊரே அப்போது தூங்கிக்கொண்டிருந்தது.

"அவரு பொய் சொல்லல. யாருமே பொய் சொல்றதில்ல. பாதிய சொல்லுவாங்க. மீதி அவங்களுக்கே தெரியாது" என்றார்.

அவர் பேச்சில் அடிக்கடி வருவது "நான் பாக்கலையே" என்பதுதான். போன வாரம் அஞ்சு தடவ நின்னுதுக்கா என்றால், நான் பாக்கலையே. காலாப்பட்டு ரோட்டில் பஸ் கவிழ்ந்துவிட்டதாம் என்றால், நான் பாக்கலையே. அலுப்பாக இருக்கும், சில நேரம் அறையலாம் போலவும் இருக்கும். எதிர் வீட்டு அத்தைதான் இவரை எங்களுக்குச் சொல்லி அனுப்பியவள். அவள் சொல்லித்தான் இன்னொன்றும் தெரியும். அக்காவின் வீட்டுக்காரர் திருப்பூருக்கு வேலைக்குப் போய் ஏழெட்டு வருஷம் ஆகிறது. அங்கே ஒரு பொம்பளையோடு இருக்கிறார், ஒரு குழந்தைகூட இருக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. பார்த்தவர்களே வந்து சொல்லியிருக்கிறார்கள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாராம். கடைசியில், நான் பாக்கலையே என்று சொல்லிவிட்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாராம். அதைக் கேட்ட பிறகு எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டுச் சிரிப்பு வருவது நின்றுபோனது.

முதல் நாள் ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டர் நிற்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. "நிக்கல. அத பாத்தேன்" என்று எழுதிக்கொண்டார். நிற்கிற நாளுக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். யோசித்துச் சொன்னேன், வாரத்தில் மூன்று நாள் நாலு மணிக்கு ஆன்லைனில் பிரெஞ்சு வகுப்பு, பெரும்பாலும் அப்போதுதான் நிற்கிறது, இரண்டு பரீட்சையும் அதே நாலு மணிக்குத்தான். அப்படின்னா வியாழக்கிழமை வரேன் என்று ஸ்டூலை மடக்கினார்.

வியாழக்கிழமை வகுப்பு ஆரம்பித்தது. பெரிய ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். கிச்சன் சத்தம் எதுவும் எனக்குக் கேட்காது. நாலு பத்துக்குப் பொட்டென்று நின்றது. நான் வழக்கம்போல ஐயோ போச்சு என்று கத்திவிட்டுத் திரும்பினால், ஸ்டூல் காலியாக இருக்கிறது. அக்கா கிச்சனில் நிற்கிறார். கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மா அதன் பக்கத்தில். அக்கா கிரைண்டர் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தார். எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. அரிசியைப் பார்க்க அவ்வளவு நேரம் வேண்டியதில்லை. பிறகு மூடியை மெதுவாக வைத்துவிட்டு, அக்கா, நிறுத்திட்டு மறுபடி போடுங்க என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா போட்டாள். கம்ப்யூட்டர் நின்றது. அது எழுந்து வரும்வரை காத்திருந்து இன்னொரு தடவை போடச் சொன்னார். அதுவும் நின்றது. மூன்று தடவை. நோட்டில் எழுதிக்கொண்டார்.

விஷயம் சின்னது. பழைய வீடு. ஹாலுக்கும் கிச்சனுக்கும் ஒரே ஒயர், அதுவும் மெல்லிசு. கிரைண்டர் கிளம்பும்போது மொத்தக் கரண்ட்டையும் ஒரே இழுப்பாக இழுக்கிறது. அந்தக் கண் சிமிட்டும் நேரத்துக்குக் கம்ப்யூட்டருக்குப் பத்தவில்லை. இதற்குத்தான் யூபிஎஸ் என்று ஒன்று உண்டு. எங்கள் யூபிஎஸ் பேட்டரி ஊதிச் செத்து ஒரு வருஷம் ஆகிறது, அம்மா அதன் மேல் ஊறுகாய் ஜாடியை வைத்திருந்தாள். மீட்டர் போர்டில் இருந்து தனி லைன் இழுத்துவிடலாம் என்றார் அக்கா.

எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். பாரும்மா, உன் கிரைண்டர் பண்ற வேலைய என்று அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அம்மாவும் சிரித்தாள்.

மறுநாள் காலை உப்புமா.

தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றேன். நேற்று மாவு அரைத்த வீட்டில் இன்றைக்கு எதற்கு உப்புமா? அம்மா வேலைக்குப் போனபிறகு கிரைண்டரைத் திறந்தேன். கல் காய்ந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை அரைத்த மாவு ஓரத்தில் வெள்ளையாக ஒட்டிக் காய்ந்திருந்தது, நேற்று அதில் ஒரு பிடி அரிசிகூட விழவில்லை. பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. முதல் பரீட்சை நின்ற மறுநாள் இட்லி சாப்பிட்டேன், அது தெரியாமல் நடந்தது. அன்றைக்கு அவள் சுவிட்ச் போட்டதும் நான் அலறியதும் அவள் காதில் சேர்ந்து விழுந்திருக்கும். இரண்டாவது பரீட்சைக்கு மறுநாள் உப்புமா. வகுப்பு நின்ற எத்தனையோ நாட்களுக்கு மறுநாள் உப்புமா. நான் ரவை விலை குறைந்திருக்கிறது போல என்று நினைத்துச் சாப்பிட்டிருக்கிறேன்.

அவ்வளவு கோபம் எனக்கு என் வாழ்க்கையில் வந்ததில்லை. அழவும் செய்தேன். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், சண்டை போட்டுவிட்டு ஒருவேளை இருந்திருப்பேன்கூட. வெறும் கல்லைச் சுற்றவிட்டு என் மூச்சை நிறுத்தியிருக்கிறாள். சாயங்காலம் அவள் வந்து சாப்டியா என்று கேட்டபோது ம் என்றேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அம்மா இல்லாத நேரத்தில் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, அன்னைக்கு கிரைண்டர்ல அரிசி இருந்துச்சா?"

மொபெட்டை ஓரம் நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"நான் பாக்கலையே" என்றார்.

மூடியைத் தூக்கி அவர் உள்ளே பார்த்ததை நான் பார்த்திருந்தேன். கம்பெனியில் செத்த ஒரு டப்பாவின் நம்பரைக்கூட மாற்றி எழுதாத ஆள், என்னிடம் வாய் கூசாமல் பொய் சொன்னார். நானும் சரிக்கா என்று வைத்துவிட்டேன்.

மூன்றாவது பரீட்சை ஒரு சனிக்கிழமை நாலு மணிக்கு. ஒயர் கிடைப்பதற்குத் தாமதமாகி, அன்றைக்குக் காலையில்தான் அக்கா லைன் இழுக்க வந்தார். பராமரிப்புக்காகத் தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. வேலைக்கு அது வசதிதான். சுவரோரமாக ஒயரை ஓட்டி, ஆணியடித்து, மதியத்துக்குள் முடித்துவிட்டார். ஆனால் கரண்ட் வந்தது மூணு ஐம்பதுக்கு. கம்ப்யூட்டர் எழுந்து வரவே ஐந்து நிமிஷம் ஆகும். கிரைண்டரைப் போட்டுச் சோதித்துப் பார்க்க நேரமே இல்லை. லைன் சரியாக இருக்குமா என்று கேட்டேன்.

"இருக்கணும். நான் பாக்கல."

அவர் வாயில் இருந்து இருக்கணும் என்கிற வார்த்தை வந்து அன்றுதான் கேட்டேன். அவரை வாசல் பக்கம் இழுத்துப்போய், தயவுசெய்து கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள் என்று காதோடு சொன்னேன்.

நானே போய்ப் பிடுங்கியிருக்கலாம். அம்மா அங்கே நின்றுகொண்டிருந்தாள். அவள் கண் முன்னால் பிடுங்கினால், எனக்கு எல்லாம் தெரியும் என்று சத்தம் போட்டுச் சொன்ன மாதிரி. பரீட்சைக்கு ஐந்து நிமிஷம் முன்னால் அதைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

அக்கா என்னை ஏதோ கம்பெனி டப்பாவைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "பிடுங்கிட்டா எப்படித் தெரியும்?" என்றார்.

என்ன தெரிய வேண்டும் என்று கேட்பதற்குள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கிச்சனுக்குள் போய்விட்டார். நான் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். கேமராவில் ஒரு பிரெஞ்சுக்காரம்மா என் அறையின் நாலு மூலையையும் காட்டச் சொன்னார். காட்டினேன். நாலு மணி.

ஒன்றரை மணி நேரம். கேட்டது, படித்தது, எழுதியது எதுவும் இப்போது ஞாபகம் இல்லை. ஒவ்வொரு நிமிஷமும் இதோ போகப்போகிறது, இதோ போகப்போகிறது என்று இருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. போகவில்லை. ஐந்தரைக்கு நன்றி என்று திரையில் வந்தது.

கதவைத் திறந்தேன். அம்மா கீழே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அக்கா ஸ்டூலை மடக்கிக்கொண்டிருந்தார். அம்மா நிமிர்ந்து, "முடிஞ்சுதா பாப்பா?" என்றாள். முடிஞ்சுதும்மா என்றேன். கிரைண்டர் இருந்த பக்கம் நான் திரும்பவே இல்லை. பிளக் மாட்டியிருந்ததா, பிடுங்கியிருந்ததா, பார்க்கவில்லை. அக்கா கடைசியில் மனசு இரங்கிப் பிடுங்கியிருப்பார், இல்லையென்றால் அம்மாவின் கைக்குக் காவல் இருந்திருப்பார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் அக்கா ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்று வந்தார். ரிப்பேர் பார்த்த ஒவ்வொரு மெஷினிலும், டப்பாவின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உட்புறத்தில் ஒரு சீட்டு ஒட்டுவது அவர் வழக்கம். என்ன குறை, என்ன செய்தோம், என்ன பார்த்தோம் என்று எழுதியிருக்கும். நான் எட்டிப் பார்த்தேன். இது உனக்கில்ல, அடுத்து வர்ற மெக்கானிக்குக்கு என்று ஸ்க்ரூவைத் திருகி மூடிவிட்டார். அதன் பிறகு அந்தக் கம்ப்யூட்டர் கெட்டுப்போகவே இல்லை, அதனால் அடுத்த மெக்கானிக் வரவும் இல்லை.

நான் பாஸ் செய்தேன். போனேன். நாலு வருஷம் ஆகிறது.

அங்கே என்னோடு வேலை செய்கிறவர்களிடம் இந்தக் கதையை வேடிக்கையாகச் சொல்வேன். எங்கள் ஊரில் ஒரு அக்கா இருந்தார், என் பரீட்சைக்காக ஒன்றரை மணி நேரம் கிரைண்டருக்குக் காவல் உட்கார்ந்தார் என்று. ஒரு தடவை ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவோடு வாக்குவாதம். கல்யாணப் பேச்சு. கோபத்தில் சொல்லிவிட்டேன், அன்னைக்கு மட்டும் அந்த அக்கா காவலுக்கு இல்லன்னா நான் இன்னும் உன் கிச்சன்லதான் கெடந்திருப்பேன் என்று. அதற்கு அம்மா, "சாப்டியா?" என்றாள்.

போன மாதம் லீவில் ஊருக்கு வந்தேன். அக்கா ஊரில் இல்லை. போன வருஷம் ஒரு நாள் காலை ஸ்டூலைக் கட்டித் தூக்கிக்கொண்டு திருப்பூர் பஸ்ஸில் ஏறினார் என்று எதிர் வீட்டு அத்தை சொன்னாள். போய் என்ன பார்த்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. திரும்பி வரவில்லை. அங்கே வீட்டுக்காரர் இருக்கிற தெருமுனையில் ஸ்டூல் போட்டு அவர் உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடிந்தது. எவ்வளவு நேரம் ஆனாலும் உட்கார்ந்திருப்பார். காபி கொடுத்தால் வாங்க மாட்டார்.

அம்மா வீட்டைக் காலி செய்து சின்ன வீட்டுக்குப் போவதாக இருந்தாள். பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்காரர் எடுத்துப்போக வந்தார். உள்ளே அப்பாவின் போட்டோ ஏதாவது தப்பி இருக்குமோ என்று ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றிக்கொள்ளலாம் என்று மூடியைத் திறந்தேன். சீட்டு இருந்தது. ஓரம் பழுத்துப்போய், எழுத்து மட்டும் அப்படியே.

குறை: கிரைண்டர் போட்டால் நிற்கிறது. 3 முறை பார்த்தேன்.

செய்தது: மீட்டர் போர்டில் இருந்து தனி லைன்.

சோதனை: நடக்கவில்லை. 4 முதல் 5.30 வரை கிச்சனில் உட்கார்ந்தேன். பிளக் மாட்டியே இருந்தது. நான் தடுக்கவில்லை. வீட்டு அக்கா சுவிட்ச் பக்கத்திலேயே இருந்தார்கள். போடவில்லை. அதைப் பார்த்தேன். லைன் சரியா என்று பார்க்கவில்லை.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாலு வருஷமாக நான் சொல்லிக்கொண்டு திரிந்த கதையில் காவல் என்று ஒன்று இல்லவே இல்லை. பிளக் மாட்டியிருந்தது, சுவிட்ச் கைக்கெட்டும் தூரம், மகளின் கடைசிப் பரீட்சை கதவுக்கு அந்தப் பக்கம். போனில் நான் சொன்னது ஞாபகம் வந்தது. அதற்கு அவள் சாப்டியா என்றது ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

காயலான் கடைக்காரர் வாசலில் இருந்து இரண்டு தடவை கூப்பிட்டார். அம்மா என்ன ஆச்சு என்று கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நான் மூடியை அப்படியே அவளிடம் நீட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி, மெதுவாகப் படித்தாள். படித்து முடித்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதில் எழுதாத மீதி அவளுக்குத் தெரியும்.

"ரெண்டு தடவ கை சுவிட்ச் வரைக்கும் போச்சு பாப்பா" என்றாள்.

"நான் பாக்கலையே" என்றேன்.